வெண்டைக்காய் பிடித்தவனும் பிடிக்காதவனும்

செண்பகத்தோப்பு ரோடு,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
ஆடி கடைசி வெள்ளி.

அன்பு மகன் ஹரிகிருஷ்ணனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அந்தக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஆண்டாளையும் நம் குலசாமியையும் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும், எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதுகிறேன், அதுவரைக்கும் உண்மை. போனில் பேசலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ கத்த ஆரம்பித்துவிடுகிறாய், கத்தி முடித்ததும் வைத்துவிடுகிறாய், அப்புறம் உன் மலைமேல் டவர் கிடைப்பதில்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் ஒரு இடத்தில் உட்கார்ந்து முழுவதும் படி, படித்து முடிக்கிற வரைக்கும் லீவு விஷயமாக யாரிடமும் போய் நிற்காதே.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "லீவு சொல்லிட்டேம்மா, வந்து எறங்குன அன்னைக்கே அந்த ராம்கி கைய எடுத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவேன்" என்றாய். ஏதோ ஆத்திரத்தில் சொல்கிறான் என்று விட்டுவிட முடியுமா, உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா, நீ சொன்னால் செய்வாய். செய்தால் பட்டாளத்து வேலை போகும், ஜெயில் வாசலில் உன்னைப் பார்க்க நான் தூக்குவாளியோடு நிற்க வேண்டும், ஏழு மாதப் பிள்ளையை வயிற்றில் சுமக்கிற உன் பெண்டாட்டி வெங்கடேஸ்வரியின் பாடு என்ன என்று நீ யோசித்திருக்க மாட்டாய். உன் அப்பா என் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்க மூட்டுவலித் தைலத்தைக்கூடக் கேட்கவில்லை. நீ அருவாளோடு வருவதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன். உன் தங்கச்சிக்கு நடந்ததை ஊரில் ஆளாளுக்கு ஒரு விதமாக உனக்குச் சொல்லியிருப்பார்கள், அதனால் முதலில் நடந்தது நடந்தபடி கேட்டுக்கொள்.

கிணற்றடித் தோட்டத்தில் இந்த வருஷம் வெண்டை போட்டிருப்பது உனக்குத் தெரியும். மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி அடிக்கடி வரப்பைக் கிண்டிவிட்டுப் போகிறதே தவிர, காய்ப்புக்குக் குறைவில்லை. வெண்டைக்கு நல்ல நாள் கெட்ட நாள் எதுவும் கிடையாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காயை ஒடித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றி நாராகிவிடும். அதன் சுணை கையை அரித்தெடுக்கும் என்று, நீ போட்டுக் கழித்த பட்டாளத்து சாக்ஸை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டுதான் பறிக்கிறேன், பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள் நல்ல சாரல், காயெல்லாம் நனைந்து கிடந்தது. மார்க்கெட்டுக்குப் போனது போக ஒரு பை நிறையக் கட்டி, மறுநாள் காலையில் ராஜபாளையம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, கார்த்திகாவை ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வெண்டைக்காய் பொரியல் சட்டியில் யார் கடைசியாக வழித்துத் தின்பது என்று நீயும் அவளும் மயிரைப் பிடித்துக்கொண்டு உருண்டவர்கள்தானே, அவளுக்குக் கொடுக்காமல் எனக்கு இறங்குமா.

ஆனால் மாப்பிள்ளை ராம்கிக்கு வெண்டைக்காய் ஆகவே ஆகாது. கல்யாணமான வருஷம் விருந்துக்கு வந்தபோது நான் தெரியாமல் சாம்பாரில் போட்டுவிட்டேன், ஒரு வாய் வைத்துவிட்டு இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். அந்தக் கொழகொழப்பைக் கண்டால் அவருக்குக் குமட்டுமாம். சரி, ஒருவருக்கு ஒன்று பிடிக்காமல் இருப்பது குற்றமா. கார்த்திகாவும் அதற்குத் தக்க நடந்துகொண்டாள். அவர் தறிக்குப் போன பிறகு தனக்கும் பாப்பாவுக்கும் மட்டும் வைத்து, தின்று, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒரு ஊதுபத்தியும் கொளுத்தி வைத்துவிடுவாளாம். எட்டு வருஷமாகப் புருஷனுக்குத் தெரியாமல் அவள் செய்த திருட்டு அது ஒன்றுதான். இதை அவள் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் என்னிடம் சொன்னாள், ஒரு காய்க்கு இப்படி ஒளிந்து வாழ்ந்திருக்கிறாள்.

அன்றைக்கு நனைந்த காய், வைத்திருந்தால் கறுத்துவிடும் என்று உடனே புளிக்குழம்பு வைத்திருக்கிறாள். தையல் கம்பெனிக்குப் போகிற அவசரத்தில் ஈரத்தைத் துடைக்காமல் நறுக்கிவிட்டாள், குழம்பு நூல் நூலாக வந்துவிட்டது. சத்திரப்பட்டியில் மாப்பிள்ளை ஓட்டுகிற கட்டுத்துணித் தறி பழுதாகி நின்றுபோக, அவர் பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். பாப்பா தட்டோடு உட்கார்ந்திருக்கிறது, குழம்பு அடுப்பில் கொதிக்கிறது. கரண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சளி மாதிரி வடியிது, இதத் தின்னுட்டு அதே கையாலதான் எனக்குச் சோறு போடுறியா இம்புட்டு நாளும்" என்று கேட்டிருக்கிறார். இருப்புச்சட்டியை அப்படியே கரித்துணியால் காதைப் பிடித்துத் தூக்கி அவள் மேல் வீசினார். கழுத்திலும் தோளிலும் கொதிக்கிற குழம்பு. அவள் கத்திக்கொண்டே குனிந்திருக்கிறாள், கீழே விழுந்த சட்டியை அதே துணியால் எடுத்து மறுபடியும் மறுபடியும் அடித்திருக்கிறார், தலைக்கு வந்ததைக் கையால் தடுத்ததில் இடது முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. பாப்பா எதிர்வீட்டுக்கு ஓடி, அந்தத் தெலுங்குக்கார அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த அம்மாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு எனக்குப் போன் பண்ணினாள், "வதினா, பிள்ளைய நீங்க வந்து பாருங்க, என் வாயால சொல்ல முடியல" என்று. இனி அவர் இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன்.

நான் தோட்டத்தில், முந்தின நாள் சாரலில் விட்டுப்போன காயைப் பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே பஸ் ஏறினேன். தேர்க் கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை, இறங்கி நடந்து, மறுபடி ஏறி, எப்படிப் போய்ச் சேர்ந்தேனோ. ஆஸ்பத்திரியில் கார்த்திகா டாக்டரிடம் படியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். படியில் விழுந்தவளுக்குக் கழுத்தில் குழம்பு எப்படி வரும் என்று அந்த நர்சுப் பிள்ளை கேட்டது, இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். கழுத்துத் தோல் வெந்து சுருண்டிருந்தது, அதில் ஒரு வெண்டை விதை ஒட்டிக்கொண்டு இருந்தது, நான்தான் எடுத்துப் போட்டேன். கையில் சுற்றிய துணியைப் பார்த்தேன், ஊர் உலகத்து ஆஸ்பத்திரிக்கெல்லாம் கட்டுத்துணி நெய்கிறவன் தன் பெண்டாட்டிக்கும் ஒரு கட்டுக்கு வேலை வைத்துவிட்டான். செத்த நேரத்தில் வாரேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து, நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

நம் வீடுகளில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே உட்காருவதில்லை, நேருக்கு நேர் பேசுவதும் இல்லை. எட்டு வருஷமாக நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமான்னு கேளு என்று கார்த்திகா மூலமாகத்தான் அவனிடம் பேசியிருக்கிறேன், அவன் முகத்தை நேராக நான் பார்த்ததே கல்யாண போட்டோவில்தான். அன்றைக்குப் பார்த்தேன். கடையில் வாங்கிய புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு டிவி முன்னால் தின்றுகொண்டிருந்தான். அவன் அம்மா ஆவுடையம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டி மூலையில் கிடந்தது, அதில் ஒட்டிய குழம்பு காய்ந்திருந்தது. அதை எடுத்து அவன் தோளில் போட்டேன், நாற்காலியோடு விழுந்தான், விழுந்தவன் முழங்காலில் போட்டேன், எழுந்திருக்கப் பார்த்தான், முகத்தில் போட்டேன். புருவம் கிழிந்தது, முன்பல் ஒன்று உடைந்தது. ஆவுடையம்மாள் என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள், ஒரு தள்ளு தள்ளியதில் அவள் பீரோவில் போய் முட்டிக்கொண்டாள். அவன் நெஞ்சில் காலை வைத்துக்கொண்டு, அவள் துடைத்து அள்ளி வைத்திருந்த வெண்டைக்காயை மண்ணோடு மசியோடு வாரி அவன் வாயில் திணித்தேன். "தின்னு, எம்மவ கழுத்துல இருந்தத நான் எடுத்துட்டேன், மிச்சத்த நீ தின்னு" என்றேன். தெருக்காரர்கள் வந்து என்னைத் தூக்கித்தான் பிரித்தார்கள். அப்போதும் என் கையில் உன் சாக்ஸ் மாட்டியபடியே இருந்தது.

இதை உனக்குப் பெருமைக்காக எழுதவில்லை. ஆனால் பொய்யும் எழுத மாட்டேன், அடித்தபோது எனக்கு இனித்தது. இன்னும் ரெண்டு போட வேண்டும் போல இருந்தது, எதற்காக அடிக்கிறேன் என்பதுகூட மறந்துவிட்டது, அடிப்பதே போதும் என்று இருந்தது. மறுநாள் அதை நினைத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அவன் என் மேல் புகார் கொடுத்திருக்கிறான், நான் கார்த்திகாவைக் கூட்டிப் போய் மகளிர் ஸ்டேஷனில் அவன் மேல் கொடுத்திருக்கிறேன். அங்கே இருந்த இன்ஸ்பெக்டரம்மா எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, "நீங்க அடிச்சதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்மா, அதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றது. சரி என்று கையெழுத்துப் போட்டேன், சொல்கிற நாளில் கோர்ட்டுக்குப் போவேன். போன வாரம் ஆவுடையம்மாள் தலையில் கட்டோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சமரசத்துக்கு வந்தாள். "ஆம்பளைன்னா கோவத்துல ஒரு அடி வைக்கிறதுதான மதினி, அதுக்குப் போயி வெட்டுக்குத்துன்னு" என்று ஆரம்பித்தாள். உன் அப்பா எழுந்து, மக இங்கதான் இருப்பா, நீங்க கெளம்புங்க என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

இதற்கு மேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது ஹரி. நீ போன் பண்ணிய மறுநாள் காலையில் நானும் வெங்கடேஸ்வரியும் சமையலுக்கு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தோம். கார்த்திகா கட்டுப்போட்ட கையைத் துணித்தொட்டிலில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். உன் பெண்டாட்டி ஒவ்வொரு காயாக எடுத்து, துணியில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி துடைத்து, பிறகுதான் கத்தியை வைக்கிறாள். நறுக்கியதையும் முறத்தில் பரப்பி விசிறுகிறாள். நானும் இத்தனை நாளாக இதைப் பார்த்து, மெத்தனம், ஒரு வேலைக்கு ஒன்பது மணி நேரம் என்று திட்டிக்கொண்டிருந்தவள்தான். கார்த்திகாதான் கேட்டாள், "யாருக்குப் பயந்து மதினி இப்படித் தொடைக்கிறிய" என்று. வெங்கடேஸ்வரி முதலில் சிரித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

பொங்கல் லீவில் நீ வந்திருந்தபோது நானும் அப்பாவும் ஆலங்குளத்துக்கு அவள் தகப்பனாரைப் பார்க்கப் போயிருந்த அன்று நடந்ததாம். நீ ஆசையாக வெண்டைக்காய் பொரியல் கேட்டாய். மார்கழிப் பனியில் நனைந்த காய், புதிதாக வந்த பிள்ளை, அவளுக்குப் பக்குவம் தெரியவில்லை, மூடி போட்டு வேக வைத்துவிட்டாள். களியாகிவிட்டது. "எங்கம்மா செய்யிற மாதிரி ஒரு காய் பண்ணத் தெரியல, ஒன்னயெல்லாம் எதுக்குக் கட்டுனேன்" என்று சொல்லித் தட்டை அவள் முகத்தில் எறிந்துவிட்டு, இடது காதோடு சேர்த்து ஒன்று விட்டாயாம். அன்றிலிருந்து அந்தக் காதில் இரைச்சலும் சீழும். யாரிடமும் சொல்லவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, நான் அதைத் திமிர் என்று நினைத்து, ஏட்டி ஒன்னத்தான், காது செவிடா என்று நாள் தவறாமல் கேட்டிருக்கிறேன். அன்றே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். செவிப்பறை கிழிந்து ஆறாமல் கிடக்கிறது, பிரசவம் முடிந்துதான் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். வருகிற வழியில் பஸ்ஸில் அவள் என் இடது பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டு, "அவங்க நல்லவங்கதான் அத்தை, கோவம் மட்டுந்தான்" என்கிறாள். ஆவுடையம்மாளும் தன் மகனைப் பற்றி இதைத்தான் சொன்னாள்.

அவனுக்கு வெண்டைக்காய் பிடிக்காது, அடித்தான். உனக்கு வெண்டைக்காய் பிடிக்கும், அடித்தாய். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்பிள்ளை காயை எப்படித்தான் சமைக்க வேண்டும் என்று நீயே சொல். பக்குவம் என்ன பெரிய பக்குவம், துடைத்து நறுக்கி, மூடாமல் வதக்கி, புளித்த மோர் ஒரு கரண்டி விட்டு, உப்பை இறக்கும்போது போட்டால் தீர்ந்தது, கேட்டிருந்தால் நான் ஒரு மூச்சில் சொல்லிக் கொடுத்திருப்பேன். இல்லை, களியாகத்தான் வந்தது என்றால் களியாகத் தின்றால் செத்தா போவாய். உன் அப்பாவுக்கு நான் எத்தனை தடவை உப்பில்லாமல், கரிந்து, காந்தி வைத்திருப்பேன், மனுசன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரிடம் இதைச் சொன்னேன். அருவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். எனக்கு உயிரே இல்லை, பின்னாலேயே ஓடினேன். காய்த்து நிற்கிற வெண்டைச் செடியை வெட்டிக்கொண்டிருந்தார், பூவும் பிஞ்சுமாக வரிசை வரிசையாகச் சாய்கிறது, சுணை முகமெல்லாம் ஒட்டி வீங்கிவிட்டது, நிறுத்தவில்லை. "எம்மவன் எங்கயோல்ல இருக்கான், இதத்தான வெட்ட முடியும்" என்றார். பாதித் தோட்டம் போன பிறகுதான் அருவாளைப் பிடுங்க முடிந்தது. உன் மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. உன்மேல் பாசமும் போகவில்லை, அதுதான் எனக்கு வலிக்கிறது.

ஆவணி பிறந்ததும் வெங்கடேஸ்வரிக்கு வளைகாப்பு. தாய்வீட்டுக்குப் போகிறவளை, பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் நாம்தான் போய்க் கூட்டி வர வேண்டும், அதுதான் முறை. நான் கூட்டி வரப் போக மாட்டேன் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். அவளாக வந்தால் இந்த வீடு அவளுடையது, வராவிட்டால் ஊரைக் கூட்டி நியாயம் பேசுகிற முதல் ஆளாக நான் அவள் பக்கம் நிற்பேன். அவள் தகப்பனாரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, எம்பிள்ள எங்கிட்டகூடச் சொல்லலியே என்றார். அவள் உனக்கு எழுதச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், போனில் பேசும்போது வலது காதில் வைத்துக்கொள்கிறேன், அதனால் மெதுவாகப் பேசினாலே கேட்கும் என்றாள்.

இப்போது உன் அருவாளுக்கு வருகிறேன். கார்த்திகா விஷயத்தை ஸ்டேஷனும் கோர்ட்டும் பார்த்துக்கொள்ளும், அவளும் அடுத்த வாரத்திலிருந்து ஒரு கையாலேயே தையலுக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். அதற்கு மேலும் பெண்டாட்டியை அடித்தவன் கையை எடுத்தே தீர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அதற்காக நீ ராஜபாளையம் வரைக்கும் டிக்கெட் எடுக்க வேண்டாம். நீ இருக்கிற இடத்திலேயே ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்.

லீவை ரத்து பண்ணிவிட்டு எனக்குத் தகவல் சொல். குளிரில் காலை நன்றாக மூடிக்கொள், வெறும் வயிற்றோடு டூட்டிக்குப் போகாதே, அப்பாவுக்கு நீயாக ஒரு போன் பண்ணு, திட்டினால் கேட்டுக்கொள். நீ நல்லபடியாக இருக்க வேண்டும், நல்லவனாகவும் இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் சாமியிடம் கேட்கிறேன். வெங்கடேஸ்வரியோடு பேசும்போது மறக்காதே, மெதுவாகப் பேசு.

இப்படிக்கு,
உனக்கும் கார்த்திகாவுக்கும் வெங்கடேஸ்வரிக்கும் அம்மா,
பா. வெள்ளத்தாய்